ஏறிவிடுவீர்கள், இறங்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. கணினி முன்னால் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மூன்று மாதம் கழித்துத் தோழிகள் நான்கு பேருடன் 5 நாள் மலையேற்றத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். தினமும் ஆறு மணி நேர நடை, கூடாரத்தில் தூக்கம், உயரமான முகாம் 3,700 மீட்டரில். இதற்கு முன் ஒரு நாள் மலை நடைகூடப் போனதில்லை. டிரெட்மில்லில் நிறுத்தாமல் 40 நிமிடம் ஓடுவேன். மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலது முழங்காலின் முன்பக்கம் லேசாக வலிக்கும். என்னால் முடியுமா? ஷூ, பை எப்படிப் பார்த்து வாங்குவது? உயரத்துக்கு முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள் என்கிறாள் ஒரு தோழி. சரியா? எல்லாவற்றையும்விட, மற்ற நால்வரையும் நான்தான் தாமதப்படுத்துவேனோ என்று பயமாக இருக்கிறது. கழிப்பறை விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்:

40 நிமிடம் நிறுத்தாமல் ஓடுகிறவருக்கு மூச்சுப் பிரச்சினை பெரிதாக இருக்காது. மூன்று மாத அவகாசமும் இருக்கிறது. ஏறிவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

புதியவர்களை மலைக்கு அழைத்துப் போவது என் தொழில். ஏற முடியாமல் திரும்பியவர்களைவிட, இறங்க முடியாமல் பாறையில் உட்கார்ந்துவிட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். இறக்கத்தில் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டால் நின்று பயனில்லை. அன்றைக்கு முழுக்க நடுக்கம் போகாது. மறுநாள் காலையில் கூடாரத்தை விட்டு எழுந்திருக்கும்போதே தெரியும்.

காரணம் இதுதான். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் போடுகிற மாதிரி. நீளும்போது சுமை தாங்கும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி உடனே தெரியாது. அடுத்த நாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஐந்து நாள் பயணத்தில் அது எந்த நாளில் வந்து விழும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. ஒருமுறை அந்த வலியைப் பட்ட தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிப்பதில்லை. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். அதனால் அந்த முதல் வலியை மலையில் படாமல் வீட்டிலேயே பட்டு முடித்துவிட வேண்டும். நான் தரும் பயிற்சி முழுவதும் இதை வைத்துத்தான்.

சாதாரண டிரெட்மில்லை எவ்வளவு சாய்த்து ஓடினாலும் அது ஏற்றம்தான், இறக்கமே கிடையாது. அடுக்குமாடியில் பயிற்சி செய்கிறவர்களும் வியர்க்க வியர்க்கப் படியேறிவிட்டு, லிஃப்டில் இறங்கி வந்து மறுபடி ஏறுவார்கள். நீங்கள் சில நாட்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். லிஃப்டில் மேலே போய், படியில் இறங்கி வாருங்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆனால் அதற்கு முன் முழங்காலை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இந்த வாரமே. வீக்கம் இருந்தாலோ, கால் மடக்கிய நிலையில் மாட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது முழங்கால் திடீரென்று கைவிடுவது போல இருந்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம். அப்படி எதுவும் இல்லாமல், இறங்கும்போது முன்பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் முழங்கால் சில்லும் அதைச் சுற்றியுள்ள தசைகளும் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கும். தொடையையும் இடுப்பின் பக்கத் தசைகளையும் வலுப்படுத்தினால் பலருக்கு நன்றாகவே குறைகிறது. மூன்று மாதம் அதற்குப் போதுமான காலம். மூன்று வாரம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களானால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பிசியோதெரபிஸ்ட் சரி என்று சொன்ன பிறகு ஒரு பயிற்சியைத் தினசரிப் பழக்கமாக்குங்கள். கண்ணாடி முன்னால் ஒரு படியின் மேல் நில்லுங்கள். 15 சென்டிமீட்டர் உயரம் போதும். ஒரு காலில் நின்றுகொண்டு மறுகாலின் குதிகாலை மெதுவாக முன்னால் கீழே கொண்டுபோங்கள். மூன்று வரை எண்ணுங்கள். குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது திரும்ப மேலே வாருங்கள். இதில் கவனிக்க வேண்டியது நிற்கிற காலின் முழங்காலை. அது கட்டைவிரல் பக்கமாக உள்ளே சாய்ந்தால் இடுப்புத் தசை பலவீனமாக இருக்கலாம். முழங்கால், பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். நேராக எத்தனை முறை முடிகிறதோ அத்தனை முறை மட்டும் செய்யுங்கள். ஐந்து என்றால் ஐந்து. கோணலாகச் செய்யும் இருபது உங்களுக்கு வேண்டாம்.

பன்னிரண்டு வாரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நான்கு வாரம் சுமை எதுவும் இல்லாமல் வாரம் மூன்று நாள் ஒரு மணி நேர வேக நடை, இரண்டு நாள் படிகள். ஓட்டம் பிடித்திருந்தால் ஒரு நாள் ஓடிக்கொள்ளுங்கள், அதை விட வேண்டியதில்லை. ஐந்தாம் வாரத்திலிருந்து முதுகில் பை ஏற வேண்டும். முதலில் 3 கிலோ, பிறகு வாரத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ கிலோ கூட்டி, மலையில் சுமக்கப்போகும் எடைவரை. பைக்குள் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்கு சுலபம். இறங்கும்போது முழங்கால் முனகினால் அங்கேயே ஒரு செடிக்கு இரண்டு லிட்டரை ஊற்றிவிட்டுச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். டம்பெல்லை வைத்தால் அது முடியாது, முதுகிலும் குத்தும்.

ஏழாம் வாரத்திலிருந்து இன்னொன்றும் சேர வேண்டும், அடுத்தடுத்த இரண்டு நாள் நடை. சனிக்கிழமை மூன்று மணி நேரம், ஞாயிறு இரண்டரை மணி நேரம் என்று தொடங்கி, பத்தாம் வாரத்தில் முதல் நாள் ஐந்தரை, மறுநாள் நாலரை மணி நேரம்வரை போங்கள். அருகில் குன்று இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மேம்பாலமோ விளையாட்டு அரங்கின் படிகளோ போதும். சனிக்கிழமை எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு முதல் படியில் இறங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்பேன். பல நாள் மலையேற்றத்துக்கு உடம்பு தயாரா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை அதுதான். ஒரே நாளில் 25 கிலோமீட்டர் நடந்துவிட்டு மறுநாள் சோபாவில் கிடப்பவரைவிட, 12 கிலோமீட்டர் நடந்துவிட்டு மறுநாளும் 12 நடப்பவரைத்தான் நான் தைரியமாக அழைத்துப் போவேன்.

கடைசியாகப் பெரிய இறக்கப் பயிற்சியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் லேசான நடை, நல்ல தூக்கம். கடைசி வாரத்தில் பதற்றத்தில் படியேறித் தீர்க்கிறவர்கள் வலிக்கும் கால்களோடு மலைக்கு வந்து சேருகிறார்கள்.

கைத்தடிகள் இரண்டு வேண்டும். ஒன்று போதாது. கீழிறங்கும்போது இரண்டு தடிகளை ஊன்றினால் முழங்கால் மூட்டில் விழும் விசை 12 முதல் 25 சதவீதம்வரை குறைவதாக 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் நீளத்தில் வைத்துக்கொள்ளுங்கள், செங்குத்தான இறக்கத்துக்கு முன் ஐந்து பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வாருக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, வாரையும் சேர்த்துப் பிடியைப் பிடிக்க வேண்டும். எடை அப்போது வாரில் உட்காரும், விரல்கள் இறுக்கிப் பிடித்துச் சோர்ந்துபோகாது. பயிற்சி நடைகளிலேயே தடியோடு போங்கள். மலைக்கு வந்து முதன்முறை பிரிப்பவர்கள் முதல் நாள் முழுக்கத் தங்கள் தடியிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

சரி, ஷூ. கணுக்காலை மூடும் கனமான பூட்ஸ்தான் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். பனியில் நடப்பதாகவோ, பெரிய சுமையைத் தூக்குவதாகவோ இருந்தால் சரி. போட்ட பாதையில் 8, 10 கிலோ சுமையோடு நடக்க, அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் உள்ள, கையால் முறுக்கினால் எளிதில் வளையாத ஷூ எதுவானாலும் போதும். பிராண்டைவிட அளவு முக்கியம். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும். அதனால் கடைக்கு மாலையில் போங்கள், மலையில் போடப்போகும் தடித்த சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். ஷூவை மாட்டி நாடாவை இறுக்கியபின் ஒரு சரிவில் கீழ்நோக்கி நில்லுங்கள். சரிவு இல்லாவிட்டால் ஷூவின் முன்பக்கத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். கட்டைவிரல் போய் முட்டினால் அந்த ஷூ வேண்டாம், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் அந்த விரல் அப்படித்தான் முட்டும். மூன்றாம் நாள் நகம் கறுத்துவிடும். பொதுவாக வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக எடுத்தால் சரியாக இருக்கும். எட்டாம் வாரத்துக்குள் வாங்கி, நீண்ட நடைகளை அதிலேயே நடந்துவிடுங்கள். புது ஷூவோடு மலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் முதலுதவிப் பெட்டியைப் பையின் மேல்பக்கத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வேன்.

கால் நகங்களைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு நேராக வெட்டிவிடுங்கள். நாடா விஷயத்தில் ஒரு சின்ன வேலை: இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி உட்காரவைத்து, கணுக்காலருகே நாடாவை மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் சறுக்காது. ஏறும்போது அவ்வளவு இறுக்கம் வேண்டாம்.

கொப்புளம் வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட, வருவதற்கு முன் நிற்பதுதான் முக்கியம். தோலில் ஓரிடம் சூடாக, உரசுகிற மாதிரித் தெரியும். இன்னும் அரை மணியில் முகாம் வந்துவிடும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த அரை மணியில்தான் அது கொப்புளமாகிறது. உடனே நில்லுங்கள், ஷூவைக் கழற்றுங்கள், ஈரத்தைத் துடைத்துவிட்டு டேப் ஒட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப், மைக்ரோபோர் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதுவே நன்றாக வேலை செய்கிறது. பல நாள் ஓடும் நெடுந்தூரப் பந்தய வீரர்களிடம் அதைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் கொப்புளங்கள் 40 சதவீதம் குறைந்திருந்தன. பயிற்சி நடைகளில் உங்களுக்கு எந்த இடம் சிவக்கிறது என்று தெரிந்துவிடும். மலையில் அந்த இடத்துக்குக் காலையிலேயே ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

பைக்கு வருவோம். உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. முதல் முறை என்பதால் அதற்கும் கீழே இருந்தால் நல்லது. பையின் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதற்கு முன் இடுப்புப் பட்டையைப் பாருங்கள். அது இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. கடையில் ஏழெட்டுக் கிலோ போட்டு மாட்டச் சொல்லுங்கள். இடுப்பை இறுக்கியபின் தோள்பட்டை வாருக்கும் தோளுக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் எடை இடுப்பில் இறங்கியிருக்கிறது. பெண்களின் உடற்கட்டுக்கென்று முதுகு நீளம் குறைவாக, வார்கள் வளைவாகத் தைத்த பைகளும் இருக்கின்றன, அவற்றையும் மாட்டிப் பாருங்கள். கனமான பொருட்கள் முதுகை ஒட்டி நடுப்பாகத்தில், தூங்குபை அடியில், மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. மழை வந்தபின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடக் கூடாது.

மழைக்குப் பையின் மேல் போடும் உறையை மட்டும் நம்ப வேண்டாம். காற்று அடித்தால் அது தூக்கிக்கொண்டு போய்விடும். உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையை வைத்து அதற்குள் துணிகளையும் தூங்குபையையும் போட்டுக் கட்டுங்கள்.

உடைகளில் ஒரே விதி, பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவைத்துக்கொண்டு, நீங்கள் நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். தோலை ஒட்டிப் பாலியஸ்டரோ கம்பளி பனியனோ, அதன்மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, நிற்கும்போது போட உள்ளே அடைப்பு வைத்துத் தைத்த ஒரு பஃபர் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத சட்டை. நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்தாவது நிமிடம் வியர்த்து உள்சட்டை நனைந்துவிடும், அடுத்த ஓய்வில் அந்த ஈரம்தான் உங்களை நடுங்கவைக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். 3,700 மீட்டர் என்றால் கடல்மட்டத்தைவிட 24 டிகிரி குறைவு, அதுவும் பகலில். தூங்குபையில் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள். கம்ஃபர்ட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். லிமிட் என்று இருப்பது, சராசரி ஆண் சுருண்டு படுத்து எப்படியோ இரவைத் தள்ளிவிடும் அளவு. தூங்க உதவாது. தூங்கும்போது போட ஒரு ஜோடி சாக்ஸும் உள்ளாடையும் தனியாக, என்ன ஆனாலும் நனையாமல் வைத்திருங்கள்.

வெயிலையும் குறைவாக நினைக்காதீர்கள். 1,000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் பத்து சதவீத அளவுக்குக் கூடுகிறது. காற்று குளிராக இருப்பதால் சுடுவது தெரியாது. மாலையில் முகம் உரியும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டில் தடவ ஒரு களிம்பு. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, மாற்று பேட்டரியோடு. கைபேசியின் டார்ச் அதற்கு மாற்று ஆகாது, குளிரில் அதன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் கைபேசியைத் தூங்குபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி சொன்ன மாத்திரை அசிட்டசோலமைடு என்று நினைக்கிறேன், டயாமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது. அது நல்ல மருந்துதான். ஆனால் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டிய மருந்து இல்லை. சல்ஃபா வகை மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் விஷயத்தில் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். நடு இரவில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்துகொண்டு எத்தனை முறை எழுந்து போவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அவர் சொன்ன அளவில், வழக்கமாக ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். தோழியின் டப்பாவிலிருந்து வாங்கிப் போடாதீர்கள்.

மாத்திரையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் அட்டவணையில் எட்டப்போகும் உச்ச உயரத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதை. மலை மருத்துவ வழிகாட்டுதலின்படி 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் அதைவிட மேலே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்கினால் தவறில்லை, நல்லதுதான். உங்கள் அட்டவணையில் 2,500-லிருந்து ஒரே நாளில் 3,700-க்குத் தூக்கம் போகிறது என்றால், இடையில் ஓர் இரவு சேர்க்க முடியுமா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு பயணம் பார்ப்பேன்.

3,700 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 64 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைவு. உடல் பழக நாட்கள் வேண்டும். உடற்பயிற்சி செய்து இதைத் தவிர்க்க முடியாது. நன்றாக ஓடுகிறவர்களுக்கும் உயர நோய் வரும். வேகமாக ஏறிவிடுகிறார்கள் என்பதால் அவர்களுக்குச் சற்று அதிகமாகவே வருவதைப் பார்க்கிறேன். புது உயரத்துக்குப் போய்ச் சில மணி நேரத்தில், பெரும்பாலும் அன்றிரவு, தலைவலி வரும். அதோடு குமட்டல், பசியின்மை, அசாதாரணச் சோர்வு, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் சரியில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு காரணம் தேட வேண்டாம். லேசாக இருந்தால் அதே உயரத்தில் தங்கலாம், மேலே போகக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகளுக்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. ஒன்று, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, கூடவே விடாத இருமல். அது நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது. மூளை வீங்குவதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் உடனே துணையோடு கீழே இறக்க வேண்டும், இருட்டாக இருந்தாலும். உங்கள் ஐந்து பேரில் யாருக்கும் இது வரலாம், அதனால் ஐந்து பேருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தலைவலியை மறைத்துக்கொண்டு சிரித்தபடி சாப்பாட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எனக்கு எப்போதும் பெரிய கவலை. கூட வந்தவர்களின் பயணம் கெட்டுவிடுமே என்றுதான் மறைப்பார்கள்.

உங்கள் பயமும் அந்த வகைதான். தாமதப்படுத்திவிடுவேனோ என்கிறீர்கள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் அதை வைத்துத்தான் பலரும் நேரம் போடுகிறோம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 10 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி வரும். அது பழகியவர்களின் நிற்காத நடை. புதியவர்களுக்கு அதில் பாதியைக் கூட்டி, ஓய்வையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் ஆகிறது. உங்கள் அட்டவணையில் இருக்கும் ஆறு மணி நேரம் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துப் போட்டதாகத்தான் இருக்கும். நீங்கள் பின்தங்கவில்லை, அதுதான் வேகம்.

ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். குழுக்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடக்கும். வேகமாகப் போகிறவர்கள் மேலே போய் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், வந்துவிட்டாயா, கிளம்பலாமா என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே இல்லை. பிற்பகலில் அவர் மேலும் பின்தங்குவார், தன்னால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் கடைசியாக வந்தாலும் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள், உங்கள் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, மெதுவாக நடப்பவர் இரண்டாவது ஆளாக, வழிகாட்டிக்கு நேர் பின்னால் நடப்பது. வழிகாட்டி உங்கள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு வேகத்தை வைத்துக்கொள்வார். இதைத் தோழிகளிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மலையில் களைத்தபின் பேசினால் சண்டையில் முடியும்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. உயரத்தில் பசி மந்தமாகிவிடும். அதனால் பசிக்காகக் காத்திருக்காமல் மணிக்கு ஒருமுறை ஏதாவது கொறியுங்கள். வீட்டில் பிடித்த தின்பண்டத்தையே கொண்டுபோங்கள், மலைக்கென்று விற்கும் புது வகைகளை அங்கே வைத்து முதன்முறை சோதிக்க வேண்டாம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நாளுக்கு ஐந்தாறு லிட்டர் குடித்தால் உயர நோய் வராது என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. வராமல் தடுக்காது, அளவுக்கு மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சுத்திகரிக்காமல் குடிக்காதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தண்ணீர் 100 டிகிரியை எட்டாமலே கொதித்துவிடும்.

பயணக் காப்பீட்டில் எந்த உயரம்வரை மலையேற்றத்துக்குப் பணம் தருவார்கள், மீட்பு ஹெலிகாப்டர் அதில் அடங்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துப் பாருங்கள்.

கடைசியாகக் கழிப்பறை. கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் தனியாக வந்து என்னிடம் கேட்பது இதைத்தான். முகாமில் கூடாரக் கழிப்பறை போட்டிருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். வழியில் என்றால் பாதையிலிருந்தும் ஓடையிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், பெரியவர்களின் நடையில் எழுபது எண்பது அடி வைத்தால் வந்துவிடும். சின்ன மண்வெட்டியால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மூடிவிடுங்கள். காகிதத்தையும் ஈரத்துணிகளையும் புதைக்காமல் ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். யாரிடமும் சொல்லாமல் போகாதீர்கள். கடைசியில் வரும் வழிகாட்டிக்குத் தெரியும்படி பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போங்கள்.

மாதவிடாய் அந்த நாட்களில் வரும் என்று தெரிந்தாலும் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. பயணம், உயரம், களைப்பு எல்லாம் சேர்ந்து தேதி முன்பின் ஆவதும் உண்டு. அதனால் அந்த நாட்கள் இல்லை என்று கணக்குப் போட்டாலும் தேவையானதை எடுத்து வையுங்கள். உபயோகித்த நாப்கின்களைப் புதைத்தாலும் எரித்தாலும் சரியாக அழியாது, குளிரில் மட்குவதும் இல்லை. வெளியே தெரியாத கறுப்புப் பை ஒன்றும் அதற்குள் இறுக மூடும் ஜிப் பைகளும் போதும், கொஞ்சம் சமையல் சோடாவைத் தூவி வைத்தால் வாடை வராது. மாதவிடாய் கப் பழக்கம் இல்லாவிட்டால் மலையில் தொடங்க வேண்டாம், வேண்டுமென்றால் இந்த மூன்று மாதத்தில் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். கை கழுவச் சோப்பும் தண்ணீரும்தான் நல்லது, சானிடைசர் எல்லா வயிற்றுக் கிருமிகளையும் கொல்லாது. ஓடையில் கையை விட்டுக் கழுவாமல், பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு தள்ளி வந்து கழுவுங்கள்.